தபீதாளின் கீழ்த்தாடை

கங்கம்மா கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் ஊற்றி இரண்டாம் முறையாகப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முறை பிழிந்தாலே போதும் என்று ஜோசலின் சொல்லியிருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று ஒரு சின்னத் திப்பி தொண்டையில் சிக்கி, பெரியம்மா தபீதாள் கண் பிதுங்க இருமியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்தான்.

“இன்னும் எம்மாம் நாளைக்கு இந்தம்மா இப்டி உறிஞ்சிக்கினே கெடக்கும்? ஒரு இட்லி துண்ண முடியல.”

“அந்த ஃபைல் நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டா இட்லி என்ன, முறுக்கே கடிப்பாங்க கங்கம்மாக்கா.”

“போய்ச் சேந்துருமா?”

ஜோசலின் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு அது. மழை விட்டு விட்டுப் பெய்ததில் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வீட்டின் முன்பகுதிதான் ஜோசலினின் பல் லேப். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாய்க்குள் விரல் தடிமனுள்ள ஒரு கேமராவை விட்டுப் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இல்லாத பல்லை ஜோசலின் வரைவாள். பக்கத்திலிருக்கும் மெஷின் வெள்ளை வட்டு ஒன்றிலிருந்து அதைச் செதுக்கும். செதுக்கி வரும் பல், வாய்க்கு வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கும். சூளையில் வைத்தால் சரியான அளவுக்குச் சுருங்கிவிடும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்பே கணக்கிட்டுத்தான் பெரிதாகச் செதுக்குகிறார்கள். புதிதாக வருகிற யாருக்கும் ஜோசலின் இதைச் சொல்லாமல் விடமாட்டாள். இந்த வாரம் சொல்லவில்லை. மெஷின் ஓய்ந்து கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பணம் அனுப்பினால்தான் திறப்போம் என்று கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் நின்றது. உள்ளே இருந்த எல்லாப் படங்களும் பூட்டப்பட்டிருந்தன. நகல் எடுத்து வைத்திருந்த தனி டிஸ்க்கும் அப்படியே. மற்ற நோயாளிகளின் படங்களை மருத்துவர்கள் மறுபடி அனுப்பிவிட்டார்கள். அதிக வேலை கொடுத்துவந்த ஒரு கிளினிக் மட்டும், “உங்ககிட்ட சேஃப்டி இல்லை மேடம்” என்று வேறு லேபுக்குப் போய்விட்டது. ஜோசலின் அதற்கு அழவில்லை. அவளை அழவைத்தது ஒரே ஒரு ஃபைல்தான். அதை மறுபடி எடுக்க வழியே கிடையாது. படம் பிடிப்பதற்கு அந்தத் தாடையே இப்போது இல்லை.

அவளுடைய மாமியார் தபீதாள் புகையிலையைத் தொட்டதில்லை. கீழ்த்தாடையில் வலது பக்கம் ஒரு பல் மட்டும் வரிசை தவறிக் கூராக நின்றது. அது நாக்கின் ஓரத்தை வருடக்கணக்கில் உரசிப் புண்ணாக்கியது. ஊருக்கெல்லாம் பல் செய்கிற மருமகள் வீட்டுக்குள்ளேயே இருந்தும் அதைக் கவனிக்கவில்லை. புண் புற்றாகி எலும்பு வரைக்கும் இறங்கியது. தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அறுவைக்கு முந்திய நாள் ஜோசலின் அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கின்றன என்பது வரை வாய் முழுவதையும் படம் பிடித்தாள். இப்போது காலெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் புதுத் தாடை வைக்கப்போகிறார்கள். அதைத் தாங்கும் உலோகத் தகட்டை நாளைக் காலை வளைக்கத் தொடங்குவார்கள். பழைய கடி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புதுத் தாடை நேராக உட்காரும். கோணலாக உட்கார்ந்துவிட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஆயுசுக்கும் சந்திக்காது. கஞ்சிதான்.

பூட்டப்படாத பிரதி ஒன்று மிச்சம் இருந்தது. படம் பிடித்த லேப்டாப், பீரோவில் துணிகளுக்கு நடுவே அணைந்து கிடந்தது. பூட்டு விழுந்த அன்று அது ஓடவில்லை.

“அதை ஆன் பண்ணினா என்ன?” என்று ஞாயிற்றுக்கிழமையே டெனிஸ் கேட்டான். ஜோசலினின் கணவன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

“அதுக்கு முன்னாடி வாரம் அது நம்ம வைஃபைல இருந்துச்சுங்க. உள்ளே ஏதாவது புகுந்து உட்கார்ந்திருந்தா, ஆன் பண்ணி நெட்ல சேர்ந்ததும் அதையும் பூட்டிடும். அப்புறம் ஒண்ணுமே இல்லை.”

அன்றிலிருந்து யாரும் அந்த பீரோவைத் திறக்கவில்லை. மாற்றுப் புடவைகூட எடுக்காமல் தபீதாள் இரண்டே நைட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டெனிஸ் நனைந்த சட்டையோடு கூரியர் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, மேற்குத் தாம்பரத்திலிருந்து சந்திரிகாவும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கேமரா, நெட்வொர்க் வேலைகளைச் செய்து கொடுக்கிறவள். திருநீர்மலைக்காரி. அவள் குடும்பத்து வயல்களெல்லாம் இப்போது மனைகளாகிவிட்டன. ரெயின்கோட்டைக் கழற்றி, உள்ளே பாலித்தீனில் சுற்றியிருந்த இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

“வண்டி நின்னுடுச்சுக்கா. தள்ளிக்கிட்டே வந்தேன். பெட்டி நனையல, நான்தான் நனைஞ்சேன்.”

கங்கம்மா துண்டை நீட்டினாள். “தொடச்சிக்கோ கண்ணு. டீ போடறேன். இதான் அந்த நெருப்புச் சொவரா? டிபன் பாக்ஸ் மாறி கீது?”

“டிபன் பாக்ஸ்தான். சாப்பாடு மட்டும் இல்ல.”

டெனிஸ் பொறுமை இழந்தான். “நான் ஒண்ணு வாங்கிட்டேன் சந்திரிகா. ஃபயர்வால்னு மேலேயே போட்டிருக்கு. இதை மாட்டிட்டு லேப்டாப்பை ஆன் பண்ணிடலாமா?”

சந்திரிகா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் ஏதோ தேடினாள். பிறகு அலமாரியிலிருந்து லேபின் நீலத் தட்டு ஒன்றை எடுத்தாள். பல் மாதிரிகளை வைக்கும் தட்டு. எந்த கிளினிக், யாருடைய வாய், எந்தப் பல் என்று அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

“சார், நெட்ல எதுவும் மொத்தமா போறதில்ல. பொடிப்பொடியா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இப்டி ஒரு தட்டுல வச்சு, சீட்டு ஒட்டித்தான் அனுப்புது. எங்கேர்ந்து வருது, எங்க போகுது, அங்க எத்தனாம் நம்பர் வாசல். இவ்ளோதான் சீட்டு. நீங்க வாங்கினது அந்தச் சீட்டைப் பார்க்கும். நாம கேக்காம வெளியேர்ந்து வர்ற தட்டைத் திருப்பி அனுப்பிடும்.”

“அப்ப நல்லதுதானே?”

“உங்க பழைய ரவுட்டரும் அதைச் செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி வந்தான்?”

“நீங்க ஒரு வாசலைத் திறந்து வச்சீங்க.”

டெனிஸ் ஜோசலினைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அத்தையோடு இருந்தபடியே செதுக்கும் மெஷினை ஓட்டவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வெளியிலிருந்து போனிலேயே லேப் கம்ப்யூட்டருக்குள் வரலாம். வேலையும் தடைப்படவில்லை, அத்தையையும் தனியே விடவில்லை என்று அப்போது இருவருக்கும் பெருமை.

“பாஸ்வேர்டு இருந்ததேம்மா?” என்றார் வேதசிரோமணி. டெனிஸின் அப்பா. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவரும் மேஜைக்கு வந்திருந்தார்.

“என்ன பாஸ்வேர்டு சார்?”

அவர் ஹால் சுவரைக் காட்டினார். புத்தாண்டு ஆராதனையில் குடும்பத்துக்கென்று பைபிளிலிருந்து எடுத்த வாக்குத்தத்த வசனம் பெரிய எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் ஆராதனை முடிந்து வந்தவுடன் பழைய சட்டத்தை இறக்கி, புதியதை மாட்டி, வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்வேர்டையும் அந்த வசனத்தின் எண்ணுக்கு மாற்றிவிடுவார். வைஃபைக்கு, ரவுட்டருக்கு, லேப் கம்ப்யூட்டருக்கு, நகல் டிஸ்க்குக்கு. வருடம் தவறாமல் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதை இந்த வீட்டைப்போல நிறைவேற்றிய வீடு தெருவில் வேறில்லை.

சந்திரிகா சட்டத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“எங்க சபைக்காரங்க யாராவது செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறியா?” வேதசிரோமணியின் குரல் தழைந்தது. “வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வர்ற எல்லாருக்கும் இது தெரியும். அஞ்சு நாளா ஒவ்வொரு முகமா நினைச்சுப் பார்த்துட்டே இருக்கேன் பாப்பா. தூங்க முடியல. ஆபேலா, அசரியாவான்னு… பாவம்னு தெரிஞ்சே நினைக்கிறேன்.”

“ஐயோ, யாரும் இல்ல சார். திருடனுக்கு உங்களை யாருன்னே தெரியாது. ஜனங்க வைக்கிற பாஸ்வேர்டெல்லாம் ஊரெல்லாம் பொறுக்கிச் சேர்த்து வச்சிருப்பானுங்க. திறந்த வாசல் கிடைச்சா மெஷினே ஒண்ணொண்ணா போட்டுப் பார்க்கும். வசன நம்பரெல்லாம் அதுல முன்னாடியே இருக்கும். உலகம் பூரா விசுவாசிங்க அதைத்தான் வைக்கிறாங்க.”

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றினார். “உலகம் பூராவா?”

“பூராவும்.”

ஆறுதல் வந்ததா, இன்னும் ஒன்று உடைந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. உள்ளறைக் கதவோரம் தபீதாள் நின்றிருந்தாள். துவாலையால் தாடையைப் பிடித்தபடி கணவனைப் பார்த்து, ‘சொன்னேனா இல்லையா’ என்பதுபோல் தலையை அசைத்தாள். ஆபேலைச் சந்தேகப்பட்டதற்காக அவரோடு அவள் ஜாடையிலேயே சண்டை போட்டிருந்தாள்.

“சரி, இப்ப எதை மாட்டறது?” என்றான் டெனிஸ்.

சந்திரிகா பெரிய பெட்டியைத் தட்டினாள். “இது சீட்டோட நிக்காது. தட்டையே திறந்து உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கும். உலகத்துல புதுசா வர்ற திருடனுங்க பேரெல்லாம் கம்பெனிக்காரன் தினம் இதுக்கு அனுப்புவான். ஆனா வருஷா வருஷம் சந்தா கட்டணும், கட்டலைன்னா பழைய பேரோட நின்னுடும். தட்டைத் திறந்து பார்க்க நேரமாகும், அதனால வேகம் குறையும். பெட்டி மேல போட்டிருக்கிற வேகத்தை நம்பக் கூடாது, எல்லாச் சோதனையும் ஓடும்போது என்ன வேகம்னு கேட்டு வாங்கணும்.” சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் ஏறியது. பிறகு வீட்டின் நிலைமை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். “இது சின்னது. திருடன் பேர் ஒண்ணும் தெரியாது. ஆனா இதுல வயர் மாட்டற ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தனி ரூம். இந்த ரூம்காரன் அந்த ரூமுக்குப் போகக்கூடாதுன்னா போகவே முடியாது. சார் வாங்கினதுல உள்ளே எல்லாரும் ஒரே ஹால்ல படுத்திருப்பாங்க.”

“பெரியதை மாட்டு. பணத்தைப் பத்திக் கவலைப்படாதே. அம்மாவோட விஷயம் இது.”

“சந்தா உயிர் பெற திங்கக்கிழமை ஆகும் சார்.”

“திங்கக்கிழமையா! நாளைக்குக் காலைல வேணும்.” டெனிஸ் மேஜையில் ஓங்கித் தட்டினான். “லேப்டாப்பை நெட் இல்லாமத் திறந்தா?”

“திறக்கும்,” என்றாள் ஜோசலின். “ஆனா சாஃப்ட்வேர் ஃபைலை வெளியே விடாது. நெட்ல லைசென்ஸ் கேட்டுட்டுத்தான் விடும்.”

“போன் ஹாட்ஸ்பாட்?”

“உள்ளே எவனாவது உட்கார்ந்திருந்தா அவனும் அதே ஹாட்ஸ்பாட்ல வெளியே பேசி, பூட்டலாமான்னு உத்தரவு கேட்பான் சார்.” சந்திரிகா சின்னப் பெட்டியை முன்னால் நகர்த்தினாள். “இப்ப நமக்குத் திருடன் பேர் தெரிய வேணாம். நல்லவன் ஒருத்தன் பேர் தெரியும், அந்த லைசென்ஸ் கம்பெனி. லேப்டாப் அவங்கூட மட்டும்தான் பேசலாம். மத்த எல்லாருக்கும், அது யாரா இருந்தாலும் சரி, கிடையாது. அதுக்கு இது போதும்.”

கங்கம்மா டீயை வைத்தாள். “கஞ்சி வடிகட்ற துணி மாறியா கண்ணு?”

“இல்லக்கா. துணி பெருசை நிறுத்தும், சின்னதை விட்டுடும். இது பேரைப் பார்த்து விடும்.”

“சின்னதை நம்பி அம்மா வாயைப் பணயம் வைக்கச் சொல்றியா?” டெனிஸ் சந்திரிகாவிடம் கேட்டாலும் கண் ஜோசலின் மேல் இருந்தது. “நீ சொல்லு. தப்பாப் போனா?”

ஜோசலின் நீலத் தட்டிலிருந்த பிளாஸ்டர் பல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“தப்பாப் போனா அத்தைகிட்ட நான் சொல்றேன். அந்தப் பல்லைப் பார்க்காம விட்டதும் நான்தானே. இதையும் நானே சொல்லிக்கிறேன்.”

டெனிஸ் மேஜையை விட்டு நகர்ந்தான். போய் பீரோவைத் திறந்தான்.

வீட்டில் இணைப்பிலிருந்த எல்லாவற்றையும் கழற்றினார்கள். டிவி, கேட்டிலிருந்த கேமரா, லேபின் சூளை. அன்று வெள்ளிக்கிழமை. ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் குடையோடு வரத் தொடங்கிவிட்டார்கள். பல வருடங்களில் முதல் தடவையாக வேதசிரோமணி கேட்டிலேயே நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். ஆபேல், “என்ன அண்ணா, வீட்டுல எதாவது?” என்றபோது, அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் நின்றார். ஏன் என்று ஆபேலுக்குத் தெரியாது.

சந்திரிகா பெட்டியில் விதிகளை எழுதினாள். லேப்டாப்பை ஒரு தனி ஓட்டையில் மாட்டினாள். தன் கம்ப்யூட்டர் திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள். “போற வர்ற ஒவ்வொரு தட்டுக்கும் இங்க ஒரு வரி வரும். பச்சைன்னா விட்டுச்சு. சிவப்புன்னா நிறுத்திடுச்சு. ஆன் பண்ணுங்கக்கா.”

லேப்டாப் முழித்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிவப்பு வரி. அடுத்து இன்னொன்று. எங்கோ பெயர் தெரியாத ஒரு முகவரிக்கு உள்ளிருந்து ஏதோ பேச முயன்றுகொண்டிருந்தது. நிறுத்த நிறுத்த மறுபடி, மறுபடி.

“இருக்கான்,” என்றாள் சந்திரிகா மெதுவாக. “உள்ளேதான் உட்கார்ந்திருக்கான்.”

ஜோசலின் சாஃப்ட்வேரைத் திறந்தாள். லைசென்ஸ் கேட்கிற சக்கரம் சுழன்றது. ஒரு பச்சை வரி விழுந்தது. ‘தபீதாள்’ என்ற பெயரைத் தொட்டு, வெளியே எடு என்ற பொத்தானை அழுத்தினாள். கட்டம் இடமிருந்து வலமாக நிறையத் தொடங்கியது.

கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் ஒரு இமைப்பு தாமதித்தே பிடித்தது. லேப்டாப்புக்குப் பேட்டரி இருந்தது. சின்னப் பெட்டியின் விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. சந்திரிகா, “ஐயோ” என்று கத்திக்கொண்டே மேஜை மேல் பாய்ந்து லேப்டாப்பின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். டீ டம்ளர் உருண்டது.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

“சேவ் பண்ணல சார்! எழுதின விதியை நான் சேவ் பண்ணவே இல்ல. அணைஞ்சு எழுந்தா பழையபடி எல்லாத்தையும் விட்டுடும்…” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “எத்தனை இடத்துல மாட்டியிருக்கேன். புத்தி எங்க போச்சு எனக்கு.”

யாரும் அவளைத் திட்டவில்லை. வயர் போனதா முதலில், பெட்டி எழுந்ததா முதலில் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. லேப்டாப் திரையில் கட்டம் பாதியில் நின்றிருந்தது. உள்ளே இருப்பவனுக்கு உத்தரவு கிடைத்துவிட்டதா? கிடைத்திருந்தால் ஃபைல்களின் பெயர்கள் கண் முன்னால் மாறத் தொடங்கும். எல்லோரும் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதசிரோமணியின் உதடுகள் அசைந்தன. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

பெயர்கள் மாறவில்லை.

சந்திரிகா விதிகளை முதலிலிருந்து எழுதினாள். சேவ் பண்ணினாள். பண்ணியதை மறுபடி திறந்து பார்த்தாள். டெனிஸ், “இன்னொரு தடவை பாரு” என்றான். பார்த்தாள். வயரை மாட்டினார்கள். சிவப்பு வரிகள் பழையபடி வந்தன. பச்சை ஒன்று. கட்டம் நகர்ந்தது, தயங்கியது, நிறைந்தது.

புது பென் டிரைவில் ஏறியதை, வேறெதோடும் சேராத இன்னொரு கம்ப்யூட்டரில் சந்திரிகா அலசிப் பார்த்து, அதிலேயே பதிந்துவிட்டுத் திறந்தாள். கறுப்புத் திரையில் ஒரு வாய் மெல்லச் சுழன்றது. மேல்வரிசை, கீழ்வரிசை. வெட்டி எடுத்துப் போன எலும்பின் மேல் பல்லெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கங்கம்மா, “பெரியம்மா!” என்று சத்தம் போட்டு அழுதாள். டெனிஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு பென் டிரைவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கே நேரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மழையில் இறங்கினான்.

“லேப்டாப்பை இனி மொத்தமா அழிச்சிடணும்கா. அடுத்த வாரம் லேபுக்குப் பெரிய பெட்டி. இப்ப இந்தப் பெட்டிக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடுத்துட்டுப் போறேன். வசனம் வேணாம் சார். பேர் வேணாம், பொறந்த நாள் வேணாம்.”

வேதசிரோமணி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு வசனங்களாகவே வந்தன. “எனக்கு வேற ஒண்ணும் தெரியாதேம்மா,” என்றார் பரிதாபமாக.

தபீதாள் அவர் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லோரையும் திரும்பி நிற்கும்படி கையைச் சுழற்றினாள். ஹால் சட்டத்தைப் பார்த்து வேதசிரோமணி நின்றார். பின்னால் விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் ஓசை கேட்டது. நீளமானதுதான் போலிருக்கிறது.

“இன்னா போட்டே பெரியம்மா? என் காதுல மட்டும் சொல்லு.”

தபீதாள் துவாலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அறுவைக்குப் பிறகு அவள் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

“அப்ப நான் கேட்டாலும் சொல்லமாட்டா,” என்றார் வேதசிரோமணி.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பும்படி ஜாடை காட்டினாள். சுழன்றுகொண்டிருந்த தன் வாயை வெகுநேரம் பார்த்தாள். விரலை நீட்டி, கீழே வலது பக்கம், வரிசை தவறிக் கூராக நிற்கும் அந்த ஒரு பல்லைத் தொட்டாள். ஜோசலினைப் பார்த்தாள். விரலை இல்லை என்று ஆட்டினாள்.

ஜோசலின் மௌஸை எடுத்தாள். மருத்துவருக்குப் போயிருப்பது பழையபடியே இருக்கட்டும் என்று, புதுத் தாடையில் பின்னால் வைக்கப்போகும் பல்லுக்காகத் தனியாக ஒரு பிரதி எடுத்தாள். அந்தப் பல்லைப் பெரிதாக்கினாள். கூர்முனையை இம்மி இம்மியாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

“இது போதுமா அத்தை?”

தபீதாள் இன்னும் கொஞ்சம் என்று காட்டினாள்.